ஆளில்லாத கதிரைக்கு ஒரு தேத்தண்ணி

மூத்த முகாமையாளர்களுக்கான பயிற்சி என்று சொன்னாலே எனக்கு எரிச்சல் வரும். யுத்தம் முடிந்த கையோடு இங்கே கிளை திறந்த ஒரு பால் கம்பனியில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, படிப்படியாக ஏறி, இப்போது வன்னிப் பிராந்திய முகாமையாளராக இருக்கிறேன். மல்லாவியில் பால் குளிரூட்டி நின்றுபோனால் யாரைக் கூப்பிடவேண்டும், ஸ்கந்தபுரத்தில் மாடு வைத்திருப்பவர்கள் எதற்கெல்லாம் கோபிப்பார்கள் என்பது எனக்கு அத்துப்படி. இதற்குப் பிறகும் கொழும்பிலிருந்து ஒருவர் வந்து, மலை உச்சியில் கையை விரித்துக்கொண்டு நிற்கிற வெள்ளைக்காரனின் படத்தைத் திரையில் காட்டி, இதுதான் தலைமைத்துவம் என்று சொல்லித்தர வேண்டுமா? அவனை ஒரு நாள் எங்கள் பால் லொறியில் ஏற்றிவிட்டால் மத்தியானத்துக்குள் கையை மடக்கிவிடுவான்.

ஆனால் இந்தமுறை தட்டிக்கழிக்க முடியவில்லை. எங்கள் பணிப்பாளர் தொலைபேசியில் கூப்பிட்டு விஷயத்தை நேராகவே சொன்னார். தலைமை அலுவலகத்தில் ஒரு பெரிய பதவி காலியாகிறது. நாடு முழுவதும் பால் சேகரிப்பைப் பார்க்கிற வேலை. எனக்குத் தர விருப்பம். கிளிநொச்சியில் நடக்கிற மூன்று நாள் பயிற்சிக்குப் போக வேண்டும், அது முடிகிற அன்றைக்கு வருகிறேனா இல்லையா என்று சொல்ல வேண்டும். “இதுக்கு முதலும் வேண்டாம் எண்டிட்டீங்கள். இனி ஒருக்கா நான் கேக்கமாட்டன்” என்றார்.

அது உண்மை. முன்பு வவுனியாவுக்கு மாற்றம் வந்தபோது மறுத்தேன். பிறகு கொழும்புக்கு வந்தபோதும் மறுத்தேன். ஏன் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை. யுத்தத்தின் கடைசி நாட்களில் சனத்தோடு சனமாக நாங்கள் வெளியே வந்துகொண்டிருந்தபோது, என் கணவர் ஆமிக்காரர் பெயர் பதிகிற ஒரு வரிசையில் நின்றார். தவழ்கிற வயதிலிருந்த மகளை என் தோளில் போட்டுவிட்டு, “நீ முன்னாலை போ, நான் வாறன்” என்றார். அடுத்த வரிசையில் அவர் இல்லை. பிறகு எந்த வரிசையிலும் இல்லை.

அவருக்குத் தெரிந்த இடம் எங்கள் ஊரான வட்டக்கச்சி. வந்தால் அங்கேதான் வருவார். அதனால் நான் அந்த வீட்டை விட்டு ஒரு இரவும் வெளியே தங்கியதில்லை. இதில் ஒரு பகிடி இருக்கிறது. அவர் வாழ்ந்த வீடு அங்கே இப்போது இல்லை. அத்திவாரத்தோடு போய்விட்டது. நான் காவல் காப்பது அதே காணியில் பிறகு வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீட்டை. அவர் அதைக் கண்டதே கிடையாது. படலையடியில் வந்து நின்று, இது வேறு யாருடையதோ வீடு என்று நினைத்துத் திரும்பிப் போய்விடுவார் என்று எனக்குப் பயம். அதற்காகத்தான் நான் அங்கே இருக்க வேண்டும். ஆளைக் கண்டால் வீட்டை அடையாளம் கண்டுகொள்வார் அல்லவா?

மகள் உயர்தரப் பரீட்சை எழுதி, கொழும்புப் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டிருந்தாள். நான் போனால் இருவரும் ஒரு வீட்டில் இருக்கலாம். போகாவிட்டால் அவள் எங்கேயோ விடுதியில், நான் வட்டக்கச்சியில். வருகிறவருக்காக இருப்பதா, இருக்கிறவளோடு போவதா? மூன்று நாளில் இதற்கு ஒரு பதில் வேண்டும்.

பயிற்சி நடந்தது குளத்தைப் பார்த்தபடி கட்டியிருந்த ஒரு புது ஹோட்டலில். வீட்டிலிருந்தே காலையில் போய்ப் பின்னேரம் வரலாம் என்பதால் ஒத்துக்கொண்டேன். அந்தக் காணியில் முன்பு என்ன இருந்தது என்று பயிற்சிக்கு வந்த எங்களில் ஒருவரும் பேசவில்லை. எங்களுக்குத் தெரியும். பயிற்சியாளர் மட்டும் ஜன்னலடியில் நின்று, “எவ்வளவு அமைதியான இடம் பாருங்க” என்றார். மலையகத்தில் பிறந்து கொழும்பில் பெரிய ஆளாகிய பெண், கெட்டிக்காரி, கோட்டுப் போட்டிருந்தார். அவர் அமைதி என்று சொன்னது பறவைச் சத்தமே இல்லாததை. குளத்தடியில் பறவை இல்லாமல் இருக்குமா? நானும் அப்போதுதான் அதைக் கவனித்தேன், கவனித்த பிறகு எனக்கு அந்த ஜன்னல் பக்கம் போக மனம் வரவில்லை.

ஒரு மண்டபம், அதில் ப வடிவில் மேசைகள், பத்துப் பன்னிரண்டு பேர். எனக்குப் பக்கத்தில் அரிசி ஆலை ஒன்றின் முகாமையாளர், பருத்த மனிதர், வாயைத் திறந்தால் பகிடி. எதிரில் முல்லைத்தீவில் மீன் பதனிடும் கம்பனியை நடத்துகிற முஸ்லிம் முகாமையாளர். சின்ன வயதில் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, தனியே திரும்பி வந்தவர். மற்றவர்கள் வங்கி, தையல் ஆலை, கூட்டுறவு என்று பலவகை. கதிரைகளுக்கெல்லாம் கலியாண மண்டபத்தில் போடுகிற மாதிரி வெள்ளை உறை போட்டு, பின்னால் முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

முதல் நாள் காலை பயிற்சியாளர் ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு வந்து, மேசைகளுக்கு நடுவில், எங்களைப் பார்த்தபடி போட்டார்.

“இதுல ஒருத்தர் இருக்கார்னு நெனச்சுக்கங்க. உங்க வாடிக்கையாளர். இந்த மூணு நாளும் அவர் நம்மளோடதான் இருப்பார். என்ன முடிவு எடுத்தாலும் அவரோட முகத்தப் பார்த்து எடுக்கணும். பெரிய பெரிய கம்பனிகள்ல இப்படி ஒரு கதிரை வைக்கிறாங்க.”

அந்த நேரம் பார்த்து ஹோட்டலில் வேலை செய்கிற ஓர் அம்மா தேத்தண்ணித் தட்டோடு உள்ளே வந்தார். வரிசையாக எல்லோருக்கும் வைத்துக்கொண்டு வந்தவர் அந்தக் கதிரையடியில் நின்றார். கொஞ்சம் யோசித்தார். பிறகு சுவரோரம் இருந்த சின்ன முக்காலியை அதன் பக்கத்தில் நகர்த்தி, ஒரு கோப்பை தேத்தண்ணியை வைத்து, சின்னத் தட்டால் மூடிவிட்டுப் போனார்.

பயிற்சியாளர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துப் பார்த்தால் மண்டபத்தில் வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. வரப் பிந்துகிற ஆளுக்கு எடுத்து மூடி வைப்பது எங்கள் வீடுகளில் வழக்கம். எத்தனை வருஷம் பிந்தினாலும் மூடி வைக்கிற வீடுகள் எங்கள் பக்கத்தில் இருக்கின்றன. என் வீடு அதில் ஒன்றல்ல, ஆனால் மூடிய கோப்பையைக் கண்டால் திறந்து பார்க்கக்கூடாது என்று எனக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு மண்டபத்தில் ஏதோ மாறிவிட்டது. சத்தம் குறைந்தது. அரிசி ஆலைக்காரர் பகிடியை விட்டுவிட்டார். வாடிக்கையாளரைப் பற்றி ஒருவர் ஏதோ குறையாகச் சொல்லத் தொடங்கி, கதிரையைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார். மத்தியானம் வெயில் ஏறியபோது யாரோ எழுந்து மேசை விசிறியைக் கதிரைப் பக்கம் திருப்பிவிட்டார். காற்றுப் பட்டதும் வெள்ளை உறையின் முதுகுப் பக்கம் மெல்ல உப்பி, மெல்ல அடங்கியது. உப்புவதும் அடங்குவதும் எங்கள் மூச்சின் வேகத்தில் இருந்தது. நான் கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அது நிற்கவில்லை.

“நான் நடத்தினதுலயே இதுதான் நல்ல குழு. எவ்வளவு ஈடுபாடு!” என்று பயிற்சியாளர் மகிழ்ந்துபோனார். பாவம், அவருக்கு என்ன தெரியும்?

இரண்டாம் நாள் காலை நான் நேரத்துக்கே போய்விட்டேன். மண்டபத்தில் ஒருவரும் இல்லை. கதிரையின் உறை இருக்கையின் நடுவில் பள்ளமாக இருந்தது, யாரோ வெகுநேரம் இருந்து எழுந்துபோன மாதிரி. கூட்டித் துடைக்க வந்தவர்கள் யாராவது களைப்பாறியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை நீவிச் சரிசெய்யலாம் என்று கிட்டப் போனவள், கையை நீட்டாமல் திரும்பி வந்து என் இடத்தில் இருந்தேன்.

அரிசி ஆலைக்காரர் அன்றைக்குப் பிந்தி வந்தார். அவருடைய கதிரையை யாரோ பக்கத்து அறைக்கு எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது அந்த ஒரு கதிரைதான். அவ்வளவு பருத்த மனிதர், முழங்கால் வருத்தக்காரர், மத்தியானம் வரைக்கும் சுவரில் சாய்ந்தபடி நின்றார். பயிற்சியாளர், “அங்க இருங்க சேர், பரவாயில்ல” என்று கதிரையைக் காட்டியபோது அவர் வியர்த்துப்போய்த் தலையை ஆட்டினார்.

“வேண்டாம் மிஸ். ஆள் இருக்கிற இடத்திலை எப்பிடி இருக்கிறது?”

பயிற்சியாளர் முதல்தடவையாகச் சிரிக்காமல் அந்தக் கதிரையைப் பார்த்தார்.

அன்று பின்னேரப் பயிற்சிதான் எல்லாவற்றையும் கெடுத்தது. ஒவ்வொருவரும் தாங்கள் வெகுநாளாகத் தள்ளிப்போடுகிற ஒரு முடிவை, அந்தக் கதிரைக்கு முன்னால் தன் கதிரையைப் போட்டு இருந்து, வாடிக்கையாளரின் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வேலை சம்பந்தமான முடிவுதான். பயிற்சியாளர் அதைத் தெளிவாகவே சொன்னார்.

முதலில் அரிசி ஆலைக்காரர் போனார். ஆலையில் ஒரு பழைய பகுதியை மூடுவது பற்றிப் பேசினார். பேசப் பேச அவருடைய குரல் தணிந்து, பிள்ளைக்குச் சோறு தீத்துகிறவர்களின் குரலாக மாறியது. நான் அவருடைய கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கதிரையின் முதுகைப் பார்க்கவில்லை. மிகவும் கீழே, இருக்கையிலிருந்து ஒரு சாண் இரண்டு சாண் உயரத்தில் நின்றது. அவருக்கு ஒரு சின்ன மகள் இருந்ததாக நான் கேள்விப்பட்டிருக்கிறேன். இருந்ததாகத்தான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

அடுத்தது முல்லைத்தீவுக்காரர். அவர் போய்க் கதிரைக்கு முன்னால் நின்றார், இருக்கவில்லை. “இருங்க சேர்” என்று பயிற்சியாளர் சொன்னார். “வாப்பாக்கு முன்னால நான் இருக்கமாட்டன்” என்று வெகு இயல்பாகச் சொல்லிவிட்டுப் பேசத் தொடங்கினார். தான் என்ன சொன்னார் என்று அவருக்கே தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அவருடைய பார்வை மேலே, கதிரைக்குப் பின்னால் ஓர் ஆள் எழுந்து நின்றால் முகம் வருகிற உயரத்தில் இருந்தது.

பிறகு வந்தவர்களையும் நான் பார்த்தேன். ஒருவருடைய கண் ஒரு உயரத்தில், இன்னொருவருடையது இன்னொரு உயரத்தில். எல்லோரும் ஒரே வெறுங்கதிரையைத்தான் பார்த்தார்கள், ஒருவர் பார்த்த இடத்தை மற்றவர் பார்க்கவில்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் தன்னுடைய இடம் தெரிந்திருந்தது. ஒருவரும் தேடவில்லை.

என்னுடைய முறை வந்தது. போய் இருந்தேன். கொழும்புப் பதவியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன் என்று தீர்மானித்திருந்தேன். அது வேலை சம்பந்தமான முடிவுதானே.

“அவரோட கண்ணப் பாருங்க” என்று பின்னால் குரல் வந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கதிரையின் விளிம்பைப் பார்த்தேன். அதற்குக் கொஞ்சம் மேலே பார்த்தேன். கீழே பார்த்தேன். அவர் இருந்தால் என்னைவிட உயரமா, என் மட்டமா? பக்கத்துப் பக்கத்தில் இருந்து எத்தனை தரம் சாப்பிட்டிருக்கிறோம். கதைக்கும்போது நான் தலையை நிமிர்த்துவேனா, நேராகப் பார்ப்பேனா? எங்களிடம் இருக்கிற ஒரே படம் அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெருப்பித்தது. கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. என் கண் அந்த வெள்ளைத் துணிக்கு மேலே ஏறி இறங்கி அலைந்தது. அத்தனை வருஷம் ஒரு மனிதனுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், அவனுடைய முகம் எந்த உயரத்தில் வரும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு வந்தது துக்கம் அல்ல, பயம். படலையடியில் இதுவரை யார் யார் வந்து நின்றார்கள், நான் யாரைப் பார்க்காமல் விட்டேன் என்ற பயம்.

“எனக்குத் தெரியேல்லை” என்றேன்.

“என்ன தெரியல மேடம்?”

“எங்கை பாக்கிறதெண்டு.”

பிறகு அரிசி ஆலைக்காரர், ஆஸ்பத்திரியில் கட்டிலோரம் பேசுகிற மாதிரிச் சொன்னார்: “அந்தரப்படாதேங்கோ அக்கா. ஆறுதலாப் பாருங்கோ. அவர் இருப்பார்.”

மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். நான் எழுந்து வெளியே விறாந்தைக்குப் போய்விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பயிற்சியாளர் வந்து பக்கத்தில் நின்றார். கோட்டைக் கழற்றியிருந்தார். முகம் வெளிறியிருந்தது.

“கொழும்புல இதச் செய்யிறப்ப எல்லாரும் சிரிப்பாங்க. சில பேர் நடிச்சுக் காட்டுவாங்க. விளையாட்டு மாதிரித்தான் போகும். இங்க…” நிறுத்தினார். “நான் என்ன பண்ணிட்டேன்னு எனக்குப் புரியல.”

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. “உங்களிலை பிழையில்லை. நீங்கள் ஆள் இருக்கிறார் எண்டு சொன்னனீங்கள். நாங்கள் நம்பிட்டம்” என்றேன்.

மூன்றாம் நாள் காலை அந்தக் கதிரை நடுவில் இல்லை. பயிற்சியாளரே சொல்லி அதை எடுப்பித்து, மற்றக் கதிரைகளோடு கலந்துவிட்டிருந்தார். எந்தக் கதிரை அது என்று இப்போது ஒருவருக்கும் தெரியாது. எல்லோரும் மண்டப வாசலில் தயங்கி நின்றோம். நான் இருக்கும் முன் இருக்கையைத் தொட்டுப் பார்த்தேன். முல்லைத்தீவுக்காரர் வாய்க்குள் ஏதோ ஓதிவிட்டு இருந்தார். தேத்தண்ணி அம்மா தட்டோடு வந்து நடுவில் இருந்த வெறுமையைப் பார்த்தார்.

“அவர் வெளிக்கிட்டிட்டாரோ?” என்று கேட்டார்.

“ஓம்” என்றேன், வேறு ஒருவரும் பதில் சொல்லாததால்.

“சொல்லாமலே?” என்றார் அவர். ஒரு கோப்பை கூடுதலாக ஊற்றியிருந்தார், அதைத் திருப்பிக் கொண்டுபோனார்.

மத்தியானச் சாப்பாட்டோடு சான்றிதழ் தந்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வரும் வழியில் தொலைபேசி அடித்தது. பணிப்பாளர். எடுக்கவில்லை. வட்டக்கச்சியில் வயல் எல்லாம் பச்சையாக நின்றது. எங்கள் வீட்டுப் படலை திறந்துகிடந்தது, நான்தான் எப்போதும் திறந்து வைத்திருப்பேன். அன்றைக்கு அதைக் கண்டபோது உள்ளே போகமுன் முற்றத்தை ஒருதரம் சுற்றிப் பார்த்தேன்.

மகள் குசினியில் பிட்டு அவித்துக்கொண்டிருந்தாள். கை கால் கழுவிவிட்டு வந்து மேசையடியில் இருந்தேன். அவளும் எதிரில் வந்து இருந்தாள். பயிற்சியில் நடந்ததைச் சொன்னேன். மறைக்க வேண்டும் என்று நினைத்தும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கண் அலைந்ததையும், அப்பாவின் உயரம் எனக்கு மறந்துபோனதையும்.

அவள் சாப்பிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, “மறக்கேல்லையம்மா” என்றாள்.

“என்ன?”

“உங்களுக்கு மறக்கேல்லை. இப்பவும் அங்கைதான் பாக்கிறியள்.” தன்னுடைய தலைக்கு மேலே, ஒரு கையளவு உயரத்தில், விரலை வைத்துக் காட்டினாள். “என்னோடை கதைக்கேக்கை எப்பவும் இதிலைதான் பாக்கிறனீங்கள். சின்னனிலை இன்னும் மேலை. எனக்குப் பின்னாலை ஆரோ நிக்கினமாக்கும் எண்டு நான் திரும்பித் திரும்பிப் பாக்கிறனான். ராவிலை பயமாயிருக்கும். பிறகு பழகிட்டன்.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள்.

“வளந்தா அந்த இடத்துக்கு வந்திடுவன் எண்டு நினைச்சனான், அம்மா. கொஞ்சம்தான் குறையுது. இனி வளரமாட்டன்.”

மேசையில் கிடந்த தொலைபேசி மறுபடியும் அடித்தது. பணிப்பாளர்தான். நான் கண்ணைத் தாழ்த்தினேன். சொன்னால் சிரிப்பீர்கள், கழுத்து நோகிறது போல அவ்வளவு கஷ்டமாக இருந்தது. அவளுடைய நெற்றி வந்தது, புருவம் வந்தது, பிறகு கண். பெரிய பிள்ளையின் கண். தூங்காதவளின் கண் போலக் கீழே கருமை. அது எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது.

அந்தக் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்காமலே தொலைபேசியைக் காதில் வைத்து, “சேர், நான் கொழும்புக்கு வாறன்” என்றேன்.

அவள்தான் முதலில் கண்ணை எடுத்துக்கொண்டாள். நான் பார்த்து அவளுக்குப் பழக்கமில்லை.